தலைக்கு மேலே கேமரா, தாடைக்குக் கீழே மூணு தையல்

பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். போன தடவை வட்டி விகிதம் பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்தேன். அதற்குப் பரிகாரமாக இந்தத் தடவை வானத்தில் இருந்து குதிப்பவர்களைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். நடுவில் ஒரு வாக்குமூலமும் உண்டு. என் வகுப்பு நண்பர்கள் கடைசி வரை படிக்கவும்.

என் தாடைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது இல்லையா? "பைக்ல விழுந்தியாடா?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "ஆமாம், சாயல்குடி வளைவுல" என்று சொல்லி வைத்தேன். அது பொய். அந்தத் தழும்பு எங்க அப்பா போட்டது. கத்தியால்.

பயப்படாதீர்கள். முதலில் வானத்துக்குப் போய்விட்டு வருவோம்.

2018-ல் வந்த 'மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்' பார்த்திருப்பீர்கள். டாம் க்ரூஸ் பெரிய ராணுவ விமானத்தின் பின்கதவு வழியாக 25,000 அடி உயரத்தில் இருந்து குதிப்பார். அபுதாபியில் எடுத்தது. அந்தக் காட்சிக்காக 106 தடவை குதித்தார்களாம். சூரியன் மறையும் நேரத்து வெளிச்சம்தான் வேண்டும் என்று இயக்குநர் அடம்பிடித்ததால், ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் படம்பிடிக்க வாய்ப்பு. எல்லோரும் டாம் க்ரூஸைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வந்த சந்தேகம் வேறு. இந்த ஆளை எதிரே இருந்து படம் பிடித்தது யார்? அவர் எதில் நின்றுகொண்டு எடுத்தார்?

எதிலும் நிற்கவில்லை. கிரெய்க் ஓ'ப்ரையன் என்கிற ஒளிப்பதிவாளர், தலைக்கவசத்தில் சினிமா கேமராவை மாட்டிக்கொண்டு, டாம் க்ரூஸுக்கு முன்னால் பின்பக்கமாகவே விமானத்தில் இருந்து விழுந்தார். விழுந்துகொண்டே எடுத்தார்.

இதைப் பார்த்ததில் இருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கணக்குப் பதிவியல் புத்தகத்துக்குள் ஃபோனை வைத்து இதைப் பற்றியே படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

ஏன் தலையில்? காரணம் எளிமையானது. விழும்போது கையும் காலும்தான் உங்களுடைய ஸ்டியரிங். வயிறு கீழே பார்க்க விழுந்தால் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரைத் தாண்டும். கையைக் கொஞ்சம் மடக்கினாலும் உடம்பு திரும்பிவிடும். அதனால் கையில் கேமரா பிடிக்க முடியாது. தலை மட்டும்தான் சும்மா இருக்கிறது. எதைப் பார்க்கிறீர்களோ அதையே கேமராவும் பார்க்கும்.

சரி, கேமரா தலைக்கு மேலே இருந்தால் ஃப்ரேமில் என்ன விழுகிறது என்று எப்படித் தெரியும்? அதற்குக் கண்ணுக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி வில்லை மாட்டுவார்கள். அதில் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். தரையிலேயே தூரத்தில் உள்ள ஒரு பொருளை வட்டத்தின் நடுவில் வைத்து, கேமராவும் அதையே நடுவில் காட்டும்படி திருகிச் சரிசெய்துகொள்வார்கள். வானத்தில் ஆளை வட்டத்துக்குள் வைத்தால் போதும்.

வீடியோ கேமராவைத் தரையிலேயே ஓடவிட்டுக் குதிக்கலாம். புகைப்படக் கேமராவின் பட்டனை யார் அழுத்துவது? இங்கேதான் நான் மயங்கி விழுந்தேன். பட்டன் வாய்க்குள் இருக்கிறது! கேமராவில் இருந்து ஒரு ஒயர் வந்து பல்லுக்கு நடுவில் நிற்கும். கடித்தால் 'க்ளிக்'. சிலர் நாக்கால் அழுத்துகிற சுவிட்ச் வைத்துக்கொள்வார்கள். ஒரே ஹெல்மெட்டில் வீடியோ ஒன்று, புகைப்படக் கேமரா ஒன்று என்று இரண்டும் மாட்டிக்கொண்டு, கடித்துக் கடித்துக் கல்யாண ஆல்பம் மாதிரி எடுத்துத் தள்ளுகிறார்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் துணி இறக்கை வைத்த உடுப்பு வேறு. எதிரே விழுகிறவர் மெதுவாக விழுந்தால் இவரும் இறக்கையை விரித்து மெதுவாக விழலாம்.

இது நேற்று வந்த வித்தை இல்லை. ஆரம்ப காலத்தில் போர் விமானத் துப்பாக்கிகளோடு வைத்திருந்த 16 மி.மீ. ஃபிலிம் கேமராக்களைக் கழற்றித் தலையில் கட்டினார்கள். கார்ல் போனிஷ் என்று ஒருவர். படித்தது மின் பொறியியல், அதை விட்டுவிட்டு வானத்தில் படம் எடுக்கப் போய்விட்டார். 1969-ல் வந்த 'தி ஜிப்ஸி மாத்ஸ்' படத்தின் குதிக்கும் காட்சிகளை எடுத்தவர்களில் ஒருவர். 1984-ல் நார்வேயில் ஒரு மலை முகட்டில் இருந்து குதித்தபோது இறந்துபோனார். 1979-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'மூன்ரேக்கர்' ஆரம்பத்தில் பாராசூட் இல்லாமல் பாண்ட் விழுவாரே, அதற்கு 88 தடவை குதித்தார்கள். அகலத்திரை லென்ஸ் கனமாக இருந்தால் பாராசூட் விரியும்போது கழுத்து போய்விடும் என்பதால், எடை குறைந்த பிளாஸ்டிக் லென்ஸ் போட்டு ஹெல்மெட் செய்தார்கள்.

கழுத்து என்றதும் நம்ம பாடத்துக்கு வந்துவிடுவோம். கணக்கு! மணிக்கு 190 கிலோமீட்டரில் விழுகிற ஆளைப் பாராசூட் சில விநாடிகளில் பிடித்து நிறுத்துகிறது. நல்லபடியாக விரிந்தாலே உடம்பின் எடை மூன்று, நான்கு மடங்கு ஆனது போல இருக்கும். தலையில் இரண்டரை கிலோ இருந்தால் அந்த நேரத்தில் அது பத்து கிலோ. மோசமாக விரிந்தால் இன்னும் மேலே. அதுவும் ஒரே பக்கமாக மாட்டியிருந்தால் கழுத்தைத் திருகும். அதனால்தான் எடையை மண்டைக்கு நடுவில், கழுத்தெலும்புக்கு நேர் மேலே வருகிற மாதிரி பங்கு போடுகிறார்கள். இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் நம்ம பேலன்ஸ் ஷீட்டுக்கு மார்க் போகும். அவர்களுக்குக் கழுத்தே போகும்.

ஆனால் எடையைவிடப் பெரிய எமன் ஒன்று இருக்கிறது. சிக்கல். பாராசூட்டில் துணியையும் ஆளையும் இணைக்கிற கயிறுகள் நிறைய. முதுகுப் பையில் இருந்து அவை சர்ரென்று உருவிக்கொண்டு தலையைத் தாண்டித்தான் மேலே போகும். அந்த நேரத்தில் ஹெல்மெட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு திருகாணித் தலை, ஒரு ஒயர், கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு இடுக்கு, எதில் வேண்டுமானாலும் ஒரு கயிறு மாட்டலாம். மாட்டினால் பாராசூட் முழுசாக விரியாது. ரிசர்வ் பாராசூட்டை இழுத்தால் அதுவும் இதோடு போய்ப் பின்னிக்கொள்ளலாம்.

அதனால் அவர்களுக்குச் சில பழக்கங்கள் உண்டு. எல்லா இடுக்கையும் டேப் போட்டு மூடுவது. கூரான முனைகளை மழுக்குவது. தவிர்க்கவே முடியாத நீட்டல் இருந்தால், கயிறு வருகிற திசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைப்பது. ஹெல்மெட் மேலே ஒரு கயிற்றை எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்த்து எங்காவது மாட்டுகிறதா என்று சோதிப்பது. இதை எல்லாம் செய்தபிறகும், தாடைப் பட்டையில் ஒரு கைப்பிடி. ஒரே இழுப்பில் ஹெல்மெட், கேமரா எல்லாம் தலையை விட்டுக் கழன்று போய்விடும். லட்சக்கணக்கில் விலை உள்ள கேமரா போனால் போகட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

இன்னொன்று. அமெரிக்கப் பாராசூட் சங்கம், 200 தடவை குதித்த பிறகுதான் கேமராவைத் தொடலாம் என்று பரிந்துரைக்கிறது. தீப்பெட்டி அளவு கேமராவாக இருந்தாலும் சரி. கேமரா மாட்டியதும் மனசு அதிலேயே போய்விடும் என்பதுதான் முக்கியக் காரணம். இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்தது இது. 800 தடவைக்கு மேல் குதித்த ஒருவர், ஒரு மாணவர் குதிப்பதைப் படம் பிடிக்கத் தலையில் கேமராவோடு குதித்தார். அப்போதெல்லாம் ரெக்கார்டர் தனியாக முதுகில் ஒரு பையில் இருக்கும். மாணவரின் பாராசூட் விரிவது வரை அழகாக எடுத்திருக்கிறார். தன்னுடையதை இழுக்கக் கை போனபோதுதான் தெரிந்தது, அவர் பாராசூட்டே மாட்டிக்கொள்ளவில்லை. முதுகில் இருந்த ரெக்கார்டரின் கனம் ஏமாற்றியிருக்கலாம் என்கிறார்கள்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் நான் இதைப் படித்தது எல்லாம் தையல் போட்ட பிறகு. முன்னாடியே படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. இனிமேல் வாக்குமூலம்.

எங்க ஊர் மாரியூர். சிவபெருமானே மீனவராக வந்து வலை வீசினார் என்று பூவேந்தியநாதர் கோயில் சித்திரைத் திருவிழாவில் கடற்கரையில் வைத்துக் கொண்டாடுகிற ஊர். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். எங்க வானத்தில் குதிப்பவர்கள் யாரும் கிடையாது. உச்சிப்புளியில் 2009-ல் தொடங்கிய பருந்து கடற்படை விமானத் தளத்து ஹெலிகாப்டர் எப்போதாவது கடல் ஓரமாகப் போகும், அவ்வளவுதான். நம்ம நாட்டில் விமானப்படையின் ஆகாஷ் கங்கா குழு 1987-ல் இருந்து இருக்கிறது. ஷீத்தல் மகாஜன் 2004-ல் தன் வாழ்க்கையின் முதல் குதிப்பையே வட துருவத்தில் குதித்தார். 2018-ல் தாய்லாந்தில் ஒன்பது கஜப் புடவை கட்டிக்கொண்டு குதித்தார். நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா? குதிக்கிற காசு தனி, வீடியோ காசு தனி. படம் எடுக்கிறவரும் விமானத்தில் ஒரு இடத்தை அடைப்பாரே, அந்தச் செலவும் நம்ம தலையில்தான்.

அதனால் நான் என் வானத்தை மாற்றிக்கொண்டேன். அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். நான் கடலில் எடுப்பேன். நம்ம ஊர் கிரெய்க் ஓ'ப்ரையன்!

பழைய ஆக்‌ஷன் கேமரா ஒன்று 4,500 ரூபாய்க்கு வந்தது. அம்மா உப்பளத்துக்குப் போகிறவர். மகளிர் குழுவில் எடுத்த கடனில் இருந்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கு என்று சொல்லி வாங்கினேன். (ஆமாம், இதுவும் பொய். ஒரே கட்டுரையில் இரண்டு.) சித்தப்பாவின் பழைய பைக் ஹெல்மெட்டில் பசை வைத்து ஒட்டி, பத்தாததற்கு நாலு கேபிள் டை போட்டு இறுக்கினேன். கேபிள் டையின் வால்களை வெட்டாமல் விட்டேன். ஹெல்மெட்டின் தாடைப் பட்டையில் கொக்கி உடைந்திருந்தது. நைலான் நரம்பால் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ரெண்டு முடிச்சு. கேமரா கடலில் விழுந்துவிடக் கூடாதே!

மேலே சொன்ன பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கிற வால்கள், இடுக்கு, கழற்ற முடியாத பட்டை. ஒரு தப்புகூட விடாமல் எல்லாத் தப்பையும் செய்திருக்கிறேன்.

2024 மே மாதம். விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகலாம். விடிவதற்கு முன் கிளம்பினோம். அப்பா, சித்தப்பா, நான். அப்பா ஹெல்மெட்டைப் பார்த்து, "என்னடா இது, கடல்ல போலீஸ்காரன் நிக்கிறானா?" என்று கேட்டார். சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தோடு விட்டுவிட்டார்கள்.

வலை விடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? படகு மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். வலை மிதவையும் ஈயமுமாகப் படகின் ஓரத்தில் இருந்து தானாக உருவிக்கொண்டு போகும். அப்பா அதைக் கையால் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கையைப் பக்கத்தில் இருந்து எடுக்க ஆசை. குனிந்தேன். இன்னும் குனிந்தேன்.

தலையில் யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அடுத்த விநாடி தண்ணீருக்குள் இருந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியும். கடற்கரைப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் தலையை வலை பிடித்துக்கொண்டிருந்தால் நீச்சல் தெரிந்து என்ன பிரயோஜனம்? மேலே வரப் பார்க்கிறேன், ஈயக்குண்டு கீழே இழுக்கிறது. கையால் முடிச்சைத் தேடுகிறேன். நனைந்த நைலான் நரம்பு, ரெண்டு முடிச்சு. நகம்தான் உடைந்தது. எவ்வளவு நேரம் என்று அப்போது தெரியவில்லை.

சித்தப்பா என்ஜினை நிறுத்தியிருக்கிறார். அப்பா கத்தியோடு குதித்துவிட்டார். எனக்குத் தெரிந்தது ஒரு கை என் முகத்தைத் தடவியதும், தாடையில் சுரீர் என்றதும்தான். ஹெல்மெட் என் தலையை விட்டுப் போனது. மேலே வந்து மூச்சு விட்டேன்.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் துண்டை என் தாடையில் வைத்து அழுத்திப் பிடித்தபடியே கரைக்கு வந்தார். விட்ட வலை கடலிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரியில் மூணு தையல். நர்ஸ் அக்கா "எப்படி ஆச்சு?" என்று கேட்டதற்கு அப்பா முந்திக்கொண்டு, "நான்தான் அறுத்துட்டேன்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். விளக்கம் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தப்பா போய் வலையை எடுத்து வந்தார். ஹெல்மெட்டும் அதிலேயே சிக்கி வந்தது. கேபிள் டை வாலில் நாலு கண்ணி மாட்டியிருந்தது. கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் அந்த வீடியோவைப் பார்த்தேன். விழுந்ததில் இருந்து அப்பா அறுத்தது வரை இருபத்தாறு விநாடி. பச்சைத் தண்ணீர், குமிழி, திடீரென்று அப்பாவின் கை. கத்தியைத் திருப்பிப் பிடித்து, முனை என் பக்கம் வராமல் விரலால் மறைத்துக்கொண்டு முடிச்சைத் தேடுகிற கை. என் தலை ஆடியதால்தான் வெட்டு விழுந்திருக்கிறது. நான் எடுக்க ஆசைப்பட்ட அதே கை. இதைவிடப் பக்கத்தில் யாராலும் எடுத்திருக்க முடியாது. ஆனால் இதை யாருக்கும் காட்டப் போவதில்லை. ஒரு தடவைக்கு மேல் நானும் பார்க்கவில்லை.

காமர்ஸ் மாணவன் என்பதால் வரவு செலவும் எழுதிவிடுகிறேன். கேமரா 4,500. வலை பழுது, இரண்டு நாள் தொழிலுக்குப் போகாதது, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கேமரா விலையைத் தாண்டிவிட்டது. அம்மாவின் குழுக்கடன் தவணை தனி. வரவுப் பக்கம் ஒரே ஒரு உருப்படி: நான்.

ஒரு வாரம் கழித்து அப்பா திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வானத்துக் கதையை எல்லாம் சொன்னேன். கயிற்றை இழுத்துப் பார்த்துச் சோதிப்பார்களாம், திருகாணித் தலைக்கு டேப் போடுவார்களாம், இழுத்தால் கழலுகிற கைப்பிடியாம். அப்பா ஊசியை நிறுத்தவே இல்லை.

"நான் வலை விடும்போது சட்டையைக் கழட்டி வைக்கிறேனே, ஏன்னு நினைச்ச?"

"வேர்க்கும்னு..."

"பட்டன் மாட்டும்டா. ஒரு பட்டன் போதும் ஆளை இழுக்க. படகு ஓரத்துல ஆணித் தலை தெரியுதா பாரு. எங்கயாவது தெரியாது. அடிச்சு உள்ள இறக்கித்தான் வச்சிருப்போம். கையில மோதிரம் கிடையாது. கத்தி எப்பவும் கை எட்டுற இடத்துல. உங்க தாத்தா சொல்லிக் குடுத்தது."

எனக்கு வாயடைத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் யார் எந்தத் திருகாணிக்கு டேப் போடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். இருபது வருஷமாக என் கண் முன்னால் சட்டையைக் கழற்றி வைக்கிற மனுஷனிடம் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே, "நீ ஹெல்மெட் மாட்டிட்டு வந்தப்பவே கழட்டுடான்னு சொல்லியிருக்கணும். சிரிச்சுட்டேன்" என்றார். அப்பாவுக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. தழும்பு என் தாடையில். அவர் பார்ப்பது மட்டும் தன் கையை.

பைக்கில் ஹெல்மெட் கேமராவோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ல் கேரள மோட்டார் வாகனத் துறை ஹெல்மெட்டில் கேமரா மாட்டக் கூடாது என்று சொன்னபோது நாம் எல்லோரும் கிண்டல் செய்தோம். 2013 டிசம்பரில் மைக்கேல் ஷூமாக்கர் பனிச்சறுக்கில் விழுந்தபோதும் அவர் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. அதற்கும் காயத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று அப்போது நிறைய விவாதம் நடந்தது. நான் சட்டம் பேச வரவில்லை. ஹெல்மெட் என்பது வழுவழுவென்று உருண்டையாக இருப்பதே எதிலும் மாட்டாமல் வழுக்கிப் போவதற்காகத்தான். அதில் ஒரு கொம்பை ஒட்டும்போது நாம் அதன் வேலையைக் குறைக்கிறோம் என்று தெரிந்து ஒட்டுங்கள்.

கேமரா இப்போதும் என்னிடம் இருக்கிறது. படகின் முன்பக்கக் கம்பில், வலை போகாத பக்கமாகக் கட்டியிருக்கிறேன். கட்டியதும் அப்பா ஒரு நரம்பை எடுத்து அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் மாட்டியது. டேப் போட்டு மூடினோம். இரண்டாவது தடவை இழுத்தார். மாட்டவில்லை. "இப்ப எடு" என்றார்.

அம்மாவிடம் கம்ப்யூட்டர் வகுப்பு விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இதையெல்லாம் படிக்க நேரம் கிடையாது. ஆனால் என் வகுப்பில் படிக்கிற ஒரு புண்ணியவான் எங்க தெருதான். அவன் போய்ச் சொல்வதற்குள் இன்றைக்கு ராத்திரி நானே சொல்லிவிடுகிறேன். :-)